திரையின் மூலையில் ‘ஆக்டிவேட் விண்டோஸ்’: அறிகுறியைப் பார்த்து உரிமச் சிக்கலைத் தீர்ப்பது

போன மாதம் எதிர்வீட்டு அக்கா, மகளின் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார். திரையின் வலது கீழ்மூலையில் சாம்பல் நிறத்தில் ‘ஆக்டிவேட் விண்டோஸ்’ என்று எழுத்து நின்றது. எந்தச் செயலியைத் திறந்தாலும் அதன் மேலேயே வந்து உட்கார்ந்துகொண்டது. பொண்ணு கல்லூரிக்கு பிராஜெக்ட் காட்ட வேண்டும், இந்த எழுத்தோடு எப்படிக் காட்டுவது என்று அழுகிறாளாம். கடையில் கேட்டதற்கு, “ஒரிஜினல்னா ஆயிரக்கணக்குல ஆகும்கா, 500 ரூபா குடுங்க, நானே ஆக்டிவேட் பண்ணித் தர்றேன்” என்றிருக்கிறார்கள்.

லேப்டாப்பைத் திருப்பிப் பார்த்தேன். அடியில் விண்டோஸ் சின்னம் போட்ட சின்ன ஸ்டிக்கர் இருந்தது. வாங்கிய பில்லை போனில் தேடி எடுத்துக் காட்டினார். அதிலும் ‘விண்டோஸ் 11 ஹோம் சிங்கிள் லாங்வேஜ்’ என்று இருந்தது. அதாவது விண்டோஸுக்கான காசை அந்த வீடு லேப்டாப் வாங்கிய அன்றைக்கே கொடுத்துவிட்டது. இடையில் யாரோ பார்மட் செய்து, அந்த நல்ல உரிமத்தின் மேல் ஒரு கிராக்கை, அதாவது உரிமம் இருப்பதுபோல ஏமாற்றும் திருட்டு நிரலை, போட்டு மூடியிருக்கிறார்கள்.

உறவினர், அக்கம்பக்கம் என்று என்னிடம் வரும் உரிமச் சிக்கல்களில் பாதிக்கு மேல் இப்படித்தான் இருக்கின்றன. அதனால் உரிமம் இல்லை என்று கணினி சொன்னதும் கீ (25 எழுத்து உரிமக் குறியீடு) வாங்கவோ கிராக் தேடவோ ஓடாதீர்கள். உங்களிடம் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று பாருங்கள். அதைப் பார்க்கும் வழியை முதலில் சொல்லிவிட்டு, அப்புறம் ஒவ்வொரு அறிகுறியாக எடுத்துக்கொள்கிறேன்.

எந்த வகை உரிமம் என்று பார்ப்பது

விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ், சிஸ்டம், ஆக்டிவேஷன். விண்டோஸ் 10-இல் செட்டிங்ஸ், அப்டேட் அண்ட் செக்யூரிட்டி, ஆக்டிவேஷன். எந்தப் பதிப்பு, ஆக்டிவேட் ஆகியிருக்கிறதா என்பது அங்கேயே தெரியும். பதிப்பின் பெயரைத் துண்டுத்தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஹோம், ஹோம் சிங்கிள் லாங்வேஜ், புரோ மூன்றும் வெவ்வேறு. ஒன்றின் கீ மற்றொன்றைத் திறக்காது.

அடுத்து, விண்டோஸ் பொத்தானையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் ரன் பெட்டி வரும். அதில் ஆங்கில எழுத்தில் எஸ்எல்எம்ஜிஆர், புள்ளி, விபிஎஸ், ஓர் இடைவெளி, சாய்கோடு, டிஎல்ஐ (slmgr.vbs /dli) என்று தட்டி என்டர் கொடுங்கள். சில நொடியில் ஒரு சின்னப் பெட்டி திறக்கும். அதில் இரண்டு வரிகள் முக்கியம்.

ஒன்று, உரிமம் எந்தச் சேனலில் வந்தது என்ற வரி. ஓஇஎம் டிஎம் என்று இருந்தால், லேப்டாப் செய்த நிறுவனமே மதர்போர்டில் எழுதிக் கொடுத்த கீ. ரீடெயில் என்றால் தனியாக வாங்கியது, அல்லது மைக்ரோசாஃப்ட் சர்வரில் பதிவான டிஜிட்டல் உரிமம். வால்யூம் கேஎம்எஸ் கிளையன்ட் என்று இருந்தால் அது அலுவலகங்களுக்கும் கல்லூரிகளுக்கும் மொத்தமாகக் கொடுக்கும் வகை. கடையில் வாங்கிய வீட்டு லேப்டாப்பில் இது இருக்க நியாயம் இல்லை.

இரண்டு, கீயின் கடைசி ஐந்து எழுத்து. புரோ பதிப்பில் டி83ஜிஎக்ஸ் (T83GX) என்று முடிந்தால் அது மைக்ரோசாஃப்ட் தன் ஆவணங்களில் எல்லோரும் பார்க்கும்படி போட்டிருக்கும் பொதுக் கீ. அலுவலக சர்வரைத் தேடிப் போகச் சொல்லும் கீ அது, அதற்கென்று தனி உரிமம் எதுவும் கிடையாது. 3வி66டி (3V66T) என்று முடிந்தால் பயப்பட வேண்டாம். டிஜிட்டல் உரிமம் உள்ள புரோ கணினிகளில் வழக்கமாகத் தெரிவது அதுதான்.

இன்னொரு கட்டளையும் உண்டு. டிஎல்ஐ இருந்த இடத்தில் எக்ஸ்பிஆர் (xpr) என்று தட்டுங்கள். நிரந்தரமாக ஆக்டிவேட் ஆகியிருக்கிறது என்று வரலாம். இந்தத் தேதியில் முடியும் என்றும் வரலாம். தேதி 2038 ஜனவரி 19 என்று காட்டினால், யாரோ கிராக் போட்டிருக்கிறார்கள் என்று உறுதியாகச் சொல்லலாம். உண்மையான அலுவலக உரிமம் ஒரு தடவைக்கு 180 நாள்தான் தரும். ‘நிரந்தரம்’ என்ற சொல்லை மட்டும் வைத்து ஒரிஜினல் என்று முடிவு செய்துவிடாதீர்கள். கடைசியில் நம்ப வேண்டியது பில்லைத்தான்.

“கடையில் பார்மட் பண்ணினேன், ஆறு மாதம் கழித்து எழுத்து வந்துவிட்டது”

ஆறு மாதம் என்ற கணக்குக்குக் காரணம் இருக்கிறது. கேஎம்எஸ் என்பது பெரிய அலுவலகங்களுக்காக மைக்ரோசாஃப்ட் செய்த ஏற்பாடு. அலுவலகத்துக்குள் ஒரு சர்வர் இருக்கும், குறைந்தது 25 கணினிகள் அதைக் கேட்டால்தான் அது அனுமதி கொடுக்கத் தொடங்கும். ஒரு தடவை கொடுத்தால் 180 நாள். ஏழு நாளுக்கு ஒரு முறை கணினி தானே போய்ப் புதுப்பித்துக்கொள்ளும். கடையில் போடும் கிராக், அப்படி ஒரு சர்வர் இருப்பதுபோல உங்கள் கணினிக்குள்ளேயே நடிக்கிறது. ஒருநாள் விண்டோஸின் ஆன்டிவைரஸ் அந்தக் கிராக்கைப் பிடித்துத் தூக்கிவிடும். பாதுகாப்பு வரலாற்றில் ‘ஹேக்டூல்’, ‘ஆட்டோகேஎம்எஸ்’ என்ற பெயர்களைப் பார்த்தால் அதுதான் நடந்தது. பிறகு புதுப்பிக்க யாரும் இல்லை. 180 நாள் முடிந்ததும் எழுத்து வந்து நிற்கும். பிழை எண் பெரும்பாலும் எஃப்074 என்று முடியும், அதாவது ‘கேஎம்எஸ் சர்வரை அடைய முடியவில்லை’.

ஒரு நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். அலுவலகமோ கல்லூரியோ கொடுத்த லேப்டாப் என்றால் இதே பிழை நேர்மையாகவே வரும். ஊருக்கு வந்து ஆறு மாதம் வீட்டிலிருந்து வேலை பார்த்தால் சர்வரைத் தொட வழி இருக்காது. அலுவலக விபிஎன்னில் இணைந்து அரை மணி நேரம் விட்டுப் பாருங்கள், இல்லையென்றால் அவர்களின் ஐடி பிரிவைக் கேளுங்கள்.

மற்றபடி கடையில் வாங்கிய லேப்டாப் என்றால், மதர்போர்டில் கீ இருக்கிறதா என்று பாருங்கள். விண்டோஸ் 8 வந்த 2012-லிருந்து நிறுவனங்கள் ஸ்டிக்கரில் கீயை அச்சிடாமல் மதர்போர்டில் உள்ள பயாஸ் சிப்பிலேயே எழுதி அனுப்புகிறார்கள். ஹார்ட் டிஸ்க்கை எத்தனை முறை பார்மட் செய்தாலும், எஸ்எஸ்டி மாற்றினாலும் அது அழியாது. மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் ஷோகீபிளஸ் என்ற இலவசச் செயலி கிடைக்கும். அதில் ஓஇஎம் கீ என்ற வரியும், அந்தக் கீ எந்தப் பதிப்புக்கு உரியது என்பதும் வரும். அக்காவின் லேப்டாப்பில் அந்த வரியில் ‘ஹோம் சிங்கிள் லாங்வேஜ்’ என்று இருந்தது. ஓடிக்கொண்டிருந்ததோ புரோ. ‘புரோ போட்டுத் தர்றோம்’ என்பதைக் கடைக்காரர்கள் ஒரு சலுகையாகவே சொல்கிறார்கள். சொந்தக் கீ இருந்தும் செல்லாமல் போவது அந்த நிமிடத்தில்தான்.

அந்த வரி காலியாக இருந்தால் பில்லைப் பாருங்கள். டாஸ், ஃப்ரீடாஸ், உபுண்டு என்று இருந்தால் விலை குறைவதற்காக விண்டோஸ் இல்லாமலே விற்ற மாடல். அசெம்பிள் செய்த டெஸ்க்டாப்பிலும் பொதுவாகக் கீ இருக்காது. அவர்களுக்கான வழி பின்னால் வருகிறது.

கீ இருக்கிறது என்றால் சரி, வேலையை இப்படிச் செய்யுங்கள். புரோவிலிருந்து ஹோமுக்கு அப்படியே இறங்க வழி இல்லை, புதிதாகத்தான் போட வேண்டும். ‘ரீசெட் திஸ் பிசி’ உதவாது. அது இருக்கிற புரோவையே திரும்பப் போடும்.

முதலில் கோப்புகளை வெளி டிஸ்க்குக்கு எடுங்கள். படங்களும் ஆவணங்களும் எல்லோருக்கும் நினைவு வரும். மறந்துபோவது பாமினி, வானவில் போன்ற பழைய தமிழ் எழுத்துருக்கள், பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்கள், டேலியின் டேட்டா கோப்புறை. பத்து வருடம் தட்டச்சு செய்த ஆவணங்கள் எழுத்துரு போனதால் புரியாத ஆங்கில எழுத்துகளாகத் தெரிந்து ஒருவர் கலங்கி நின்றதைப் பார்த்திருக்கிறேன். எழுத்துருக் கோப்புறையையும் சேர்த்து எடுத்துவிடுங்கள்.

அடுத்து, செட்டிங்ஸில் டிவைஸ் என்கிரிப்ஷன் அல்லது பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் வசதி) என்று தேடி, ஆனில் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் 48 இலக்க மீட்புக் கீயைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டுதான் மேற்கொண்டு தொட வேண்டும். உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால் பெரும்பாலும் அங்கே இருக்கும்.

பிறகு, கிராக் படாத வேறொரு கணினியில் மைக்ரோசாஃப்ட்டின் தளத்திலிருந்து மீடியா கிரியேஷன் டூலை இறக்கி, 8 ஜிபி பென்டிரைவில் விண்டோஸை எழுதுங்கள். பென்டிரைவில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும். கடைக்காரரின் பென்டிரைவைக் கடன் வாங்காதீர்கள், பதிப்பை மாற்றி வைத்த ஐஎஸ்ஓ (விண்டோஸ் நிறுவல் கோப்பு) பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறது.

பென்டிரைவிலிருந்து ஏற்றும்போது, மதர்போர்டில் கீ இருந்தால் எந்தப் பதிப்பு என்றே கேட்காமல் நிறுவல் தானாக ஹோம் சிங்கிள் லாங்வேஜை எடுத்துக்கொள்ளும். கீ கேட்டால் ‘என்னிடம் கீ இல்லை’ என்பதைத் தேர்ந்தெடுத்து, பதிப்பை மட்டும் நீங்களே சரியாகக் காட்டுங்கள். 11-ஆம் தலைமுறையிலிருந்து வந்த இன்டெல் லேப்டாப் சிலவற்றில் டிஸ்க்கே பட்டியலில் வராது. பயப்படாதீர்கள். லேப்டாப் நிறுவனத்தின் தளத்திலிருந்து இன்டெல் ஸ்டோரேஜ் டிரைவரை இறக்கி அதே பென்டிரைவில் போட்டு, ‘லோட் டிரைவர்’ கொடுத்தால் டிஸ்க் தெரியும். வைஃபை பிடிக்காவிட்டால் போனை யுஎஸ்பி ஒயரில் மாட்டி, டெதரிங் போட்டுக்கொள்ளலாம்.

இணையம் கிடைத்த சில நிமிடத்தில் ஆக்டிவேஷன் தானாக நடக்கும். அக்காவின் லேப்டாப்பில் டெஸ்க்டாப் வந்தபோதே எழுத்து இல்லை. கீயாக ஓர் எழுத்துகூட நாங்கள் தட்டவில்லை, செலவு அந்தப் பென்டிரைவோடு சரி.

இதோடு முடிந்தது என்று எழுந்துவிடாதீர்கள். கிராக் இருந்த கணினியில் தட்டிய கடவுச்சொற்களை மாற்றுங்கள், முதலில் மெயில், அப்புறம் வங்கி. கேஎம்எஸ்பிகோ என்ற பெயரில் இணையத்தில் சுற்றும் போலி நிறுவிகள் வழியாகக் கிரிப்ட்பாட் என்ற திருட்டு நிரல் பரவியதை ரெட் கேனரி என்ற பாதுகாப்பு நிறுவனம் 2021 டிசம்பரில் வெளியிட்டது. பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்களையும் கிரிப்டோ பணப்பைகளையும் அள்ளிக்கொண்டு போவதே அதன் வேலை. ‘ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு ஓட்டுங்கள்’ என்று கிராக்கோடு வரும் குறிப்பைப் படிக்கும்போதே நம் கை நின்றுவிட வேண்டும்.

“மதர்போர்டு மாற்றினார்கள், அன்றிலிருந்து ஆக்டிவேட் ஆகவில்லை”

பிழை எண் எஃப்211 அல்லது எஃப்213 என்று முடியும். முதலாவது வன்பொருள் மாறிவிட்டது என்கிறது, இரண்டாவது இந்தச் சாதனத்தில் கீயே காணோம் என்கிறது. இரண்டுக்கும் பொருள் ஏறக்குறைய ஒன்றுதான்.

நிறுவனத்தின் அதிகாரபூர்வ சர்வீஸில் பழுதுக்காகப் போர்டு மாற்றினால், உங்கள் உரிமம் போகாது. புதுப் போர்டின் சிப்பில் கீயை எழுதித் தருவது அவர்கள் வேலை, அதற்கான கருவியும் அவர்களிடம் இருக்கிறது. சில சமயம் அதைச் செய்யாமல் அனுப்பிவிடுகிறார்கள். என் தங்கையின் லேப்டாப் அப்படித்தான் வந்தது. கவுன்டரில் “விண்டோஸ் நீங்கதான் மேடம் வாங்கிக்கணும்” என்று சொல்லியிருக்கிறார்கள். ஜாப் ஷீட்டையும் பழைய பில்லையும் எடுத்துக்கொண்டு நான் கூடப் போனேன். ‘போர்டில் விண்டோஸ் கீ எழுதப்படவில்லை, எழுதித் தாருங்கள்’ என்று எழுத்தில் கொடுத்ததும் அன்று மாலையே செய்து கொடுத்தார்கள். இதே வாக்கியத்தை நீங்களும் பயன்படுத்துங்கள். ‘விண்டோஸ் வேலை செய்யலை’ என்று பொதுவாகச் சொன்னால் பார்மட் செய்து கையில் கொடுத்துவிடுவார்கள்.

வெளிக் கடையில் பழைய போர்டு வாங்கிப் போட்டிருந்தால் ஒரு வழி இருக்கிறது. போர்டு மாறுவதற்கு முன்பே டிஜிட்டல் உரிமம் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணைந்திருந்தால், ஆக்டிவேஷன் பக்கத்தில் ட்ரபிள்ஷூட் கொடுத்து, ‘இந்தச் சாதனத்தில் சமீபத்தில் வன்பொருள் மாற்றினேன்’ என்பதைத் தேர்ந்தெடுக்கலாம். 2016-இல் வந்த விண்டோஸ் 10 மேம்பாட்டிலிருந்து இந்த வசதி உண்டு. தனியாக வாங்கிய ரீடெயில் உரிமத்துக்குத்தான் இது நன்றாக ஒத்துவரும். லேப்டாப்போடு வந்த உரிமம் அந்தப் போர்டோடு கட்டப்பட்டது.

“கீயைத் தட்டினால் தப்பு என்கிறது”

எஃப்050 என்று முடியும் பிழை. பாதி நேரம் எழுத்தைத் தவறாகப் படித்ததுதான் காரணம். 25 எழுத்தில் வராதவை எவை என்று தெரிந்தால் வேலை சுலபம். ஏ, ஈ, ஐ, எல், ஓ, எஸ், யூ, இசட் ஆகிய ஆங்கில எழுத்துகளும் 0, 1, 5 ஆகிய எண்களும் கீயில் வரவே வராது. ஆகவே ‘இது ஓவா சைபரா’ என்று குழம்பவே வேண்டாம், இரண்டும் இல்லை, அநேகமாக அது டி (D) அல்லது க்யூ (Q). உண்மையில் குழப்புவது பியும் (B) 8-உம், ஜியும் (G) 6-உம். தேய்ந்த ஸ்டிக்கரை நேராகப் பார்க்காமல், போன் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள்.

எழுத்தெல்லாம் சரி, கீ விண்டோஸ் 7 அல்லது 8 காலத்தது என்றால் விஷயம் வேறு. அந்தக் கீகளை விண்டோஸ் 10-இல் ஏற்றுக்கொள்ளும் வழக்கம் 2015 நவம்பரில் தொடங்கியது. அதை மைக்ரோசாஃப்ட் 2023 செப்டம்பரில் நிறுத்திவிட்டது. முன்பே அப்படி ஆக்டிவேட் ஆன கணினிகளுக்கு டிஜிட்டல் உரிமம் இருக்கும், அவற்றில் திரும்ப நிறுவினால் தானாகவே ஆக்டிவேட் ஆகும்.

“ஆன்லைனில் மலிவாக வாங்கிய கீ ஒரு மாதம் ஓடியது, அப்புறம் நின்றுவிட்டது”

சி008 என்று முடிந்தால் அந்தக் கீ அனுமதித்த எண்ணிக்கையைத் தாண்டிப் பயன்படுத்தப்பட்டிருக்கிறது. சி003 என்றால் கீயையே முடக்கிவிட்டார்கள். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் கீகளில் பல, ஏதோ ஓர் அலுவலகத்தின் மொத்த உரிமத்திலிருந்து கசிந்தவை. ஒரே கீயை நூறு பேருக்கு விற்பதும் உண்டு. உங்களுக்கு வந்தது உரிமம் இல்லை, வெறும் 25 எழுத்து. விற்றவரிடம் பணத்தைத் திரும்பக் கேளுங்கள், யுபிஐ அல்லது கார்டில் கொடுத்திருந்தால் வங்கியில் புகார் பதியுங்கள். அவர் ‘மாற்றுக் கீ’ என்று இன்னொன்றைக் கொடுத்தால் அதுவும் அதே கதையாகத்தான் முடியும்.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் தெரிந்திருக்கட்டும். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-இன் 63பி பிரிவின்படி, அனுமதியில்லாத நகல் என்று தெரிந்தே ஒரு மென்பொருளைக் கணினியில் பயன்படுத்தினால் 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். லாபத்துக்கோ தொழிலுக்கோ பயன்படுத்தவில்லை என்றால், சிறை இல்லாமல் 50,000 ரூபாய்க்குள் அபராதத்தோடு விட நீதிமன்றத்துக்கு இடம் உண்டு. வீட்டில் உட்கார்ந்து ஜிஎஸ்டி கணக்கு போட்டுக் கொடுப்பவரும், கல்யாண ஆல்பம் வடிவமைப்பவரும் இந்த வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். கணினி வீட்டில் இருந்தாலும் நடப்பது தொழில்தான்.

“எல்லாம் சரியாக இருந்தும் சர்வரோடு பேச மாட்டேன் என்கிறது”

கடிகாரத்தைப் பாருங்கள். தாத்தா காலத்து டெஸ்க்டாப் ஒன்றில் இரண்டு மணி நேரம் போராடிய பிறகுதான் கீழே தேதியைப் பார்த்தேன், பல வருடம் பின்னால் இருந்தது. தேதி தவறாக இருந்தால் மைக்ரோசாஃப்ட் சர்வரின் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாததாகத் தெரியும், இணைப்பே நடக்காது. பிழை எண் 2எஃப்8எஃப் என்று முடியும். தேதியைச் சரிசெய்து, நேர மண்டலம் சென்னை, கொல்கத்தா, மும்பை, புதுதில்லி என்ற வரியில் இருக்கிறதா என்று பார்த்து மறுபடி முயலுங்கள். கரன்ட்டை நிறுத்தி மறுநாள் போடும்போது தேதி மறுபடி பின்னால் போனால், போர்டில் இருக்கும் நாணயம் போன்ற பேட்டரி தீர்ந்துவிட்டது. சிஆர்2032, 3 வோல்ட் என்று கேட்டால் கைக்கடிகாரக் கடையிலேயே கிடைக்கும்.

“நான் எதையுமே தொடவில்லை, திடீரென்று போலி என்கிறது”

அபூர்வம், ஆனால் நடந்திருக்கிறது. 2007 ஆகஸ்டில் மைக்ரோசாஃப்ட்டின் சரிபார்ப்பு சர்வர் ஏறக்குறைய 19 மணி நேரம் பிசகியதில், உண்மையான எக்ஸ்பி, விஸ்டா கணினிகள் போலி என்று முத்திரை குத்தப்பட்டன. 2018 நவம்பர் 8 அன்று விண்டோஸ் 10 புரோ வைத்திருந்தவர்களிடம், உங்களுக்கு இருப்பது ஹோம் உரிமம்தான் என்று கணினி சொன்னது. இரண்டையும் அவர்களே சரிசெய்தார்கள். நேற்றுவரை ஒழுங்காக இருந்த கணினி, வன்பொருளோ மென்பொருளோ மாறாமல் இன்று மறுத்தால், ஒரு நாள் பொறுங்கள். பதற்றத்தில் பார்மட் செய்தால் இழப்பு உங்களுக்குத்தான். மறுநாள் ட்ரபிள்ஷூட்டை ஒரு முறை ஓட்டிவிட்டுப் பிறகு அடுத்ததை யோசிக்கலாம்.

“வேர்டு திறக்கிறது, தட்டச்சு செய்ய விடவில்லை”

ஆஃபீஸின் உரிமம் தனி, விண்டோஸ் ஆக்டிவேட் ஆனால் ஆஃபீஸும் ஆகிவிடாது. மேல் பட்டையில் ‘அன்லைசென்ஸ்டு புராடக்ட்’ என்று சிவப்பாக வந்தால் கோப்பைத் திறக்கலாம், அச்சிடலாம், திருத்த முடியாது. உங்கள் கோப்புக்கு ஒன்றும் ஆகாது.

லேப்டாப்போடு ‘ஆஃபீஸ் ஹோம் அண்ட் ஸ்டூடன்ட்’ வந்ததா என்று பில்லில் பாருங்கள். வந்திருந்தால் அதை ஒரு மைக்ரோசாஃப்ட் கணக்கில் பதிந்துகொள்ள வேண்டும், விண்டோஸ் ஆக்டிவேட் ஆனதிலிருந்து சுமார் 6 மாதத்துக்குள். பதிந்துவிட்டால் பிறகு எத்தனை முறை பார்மட் செய்தாலும் அந்தக் கணக்கில் நுழைந்தால் போதும். இங்கே அடிக்கடி நடக்கும் ஒரு தவறு மனதை வருத்துகிறது. விற்கும் கடையில் ‘செட் பண்ணித் தருகிறோம்’ என்று தங்கள் கடை மெயிலையே போட்டுவிடுகிறார்கள். ஆஃபீஸ் அந்த மெயிலோடு ஒட்டிக்கொள்கிறது. மூன்று வருடம் கழித்து அந்தப் பையன் வேலையை விட்டுப் போயிருப்பான், கடவுச்சொல் யாருக்கும் தெரியாது. புது லேப்டாப்பின் பெட்டியை வீட்டில் திறங்கள், முதல் திரையில் உங்கள் மெயிலை நீங்களே தட்டுங்கள்.

காசு கொடுத்து வாங்கிய பிறகும் இதே செய்தி வந்தால், முன்பு போட்டிருந்த கிராக் ஆஃபீஸ் உள்ளே ஒட்டியிருக்கும். பழையதையும் புதியதையும் சேர்த்து முழுதாக நீக்கிவிட்டு, கணினியை மறுதொடக்கம் செய்து, புதியதை மட்டும் கணக்கு வழியாக நிறுவுங்கள்.

“சந்தா கட்டிவிட்டேன், ஆனாலும் அடோபி உள்ளே விடவில்லை”

ஹோஸ்ட்ஸ் கோப்பைப் பாருங்கள். சி டிரைவில் விண்டோஸ், சிஸ்டம்32, டிரைவர்ஸ், இடிசி என்று போனால் பின்னொட்டு இல்லாமல் அந்தப் பெயரில் ஒரு கோப்பு இருக்கும். எப்போதோ கிராக் போட்டவர், மென்பொருள் தன் நிறுவனத்தோடு பேசாமல் இருக்க இதில் வரிகளைச் சேர்த்திருப்பார். 127.0.0.1 அல்லது 0.0.0.0 என்று தொடங்கி, பக்கத்தில் அந்த நிறுவனத்தின் முகவரி இருக்கும். கிராக்கை நீக்கினாலும் இந்த வரிகள் அங்கேயே கிடக்கும், நீங்கள் நேர்மையாகப் பணம் கட்டிய பிறகும் கதவை அடைத்துக்கொண்டு நிற்கும். ஒரு வடிவமைப்பாளரின் கணினியில் இப்படி அறுபதுக்கும் மேற்பட்ட வரிகளை அழித்தேன். நோட்பேடை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, கோப்பை ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டு, அந்த வரிகளை மட்டும் நீக்கிச் சேமியுங்கள். விண்டோஸ் ஃபயர்வாலில் வெளிச்செல்லும் விதிகளிலும் அதே நிறுவனத்தின் பெயரில் தடை இருக்கிறதா பாருங்கள்.

“சொந்த சிடிதான், விளையாட்டு ஓட மறுக்கிறது”

2000-களில் வாங்கிய சிடி விளையாட்டுகள் பலவற்றில் சேஃப்டிஸ்க், செக்யூரோம் என்ற நகல் தடுப்புகள் இருந்தன. சேஃப்டிஸ்க்குக்குத் தேவையான டிரைவர் பாதுகாப்பு ஓட்டை என்பதால், 2015-இல் வந்த விண்டோஸ் 10 அதைச் சேர்க்கவில்லை. அதே ஆண்டு செப்டம்பர் மேம்பாட்டில் விஸ்டா, 7, 8 ஆகியவற்றிலும் அணைத்தார்கள். உங்கள் சிடியில் கீறல் இல்லை, டிரைவும் கெடவில்லை. அதே விளையாட்டு, இணையத்தில் விளையாட்டு விற்கும் ஸ்டீம் அல்லது ஜிஓஜியில் தடுப்பு நீக்கப்பட்டு விற்கிறதா என்று பாருங்கள், தள்ளுபடி நாளில் மலிவாகவே கிடைக்கும்.

“போர்டில் கீ இல்லை, இப்போது வாங்கவும் வழி இல்லை”

இதை யாரும் வெட்கப்பட்டுச் சொல்ல வேண்டியதில்லை. ஆக்டிவேட் ஆகாத விண்டோஸில் மூலையில் எழுத்து நிற்கும், பின்னணிப் படம், நிறம் போன்றவற்றை மாற்ற முடியாது. ஆனால் பாதுகாப்பு மேம்பாடுகள் தொடர்ந்து வரும். கிராக் போட்டு ஆன்டிவைரஸை அணைத்த கணினியை விட அந்த எழுத்தோடு இருக்கும் கணினி எவ்வளவோ பாதுகாப்பானது, பணம் சேரும்வரை பொறுத்துக்கொள்ளலாம். படிப்புக்கும் அலுவலுக்கும் மட்டும் என்றால், விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்டைப் பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம், டிஸ்க்கைத் தொட வேண்டாம். லிப்ரெஆஃபீஸுக்குத் தமிழ் இடைமுகமே உண்டு, வேர்டு கோப்பைத் திறக்கும், சேமிக்கும். படம் வரைய கிரிட்டா, லோகோவுக்கு இன்க்ஸ்கேப். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டதால், 11 ஏறாத பழைய கணினிக்கு மின்ட் எப்படியும் நல்ல இடம்.

சர்வீஸுக்குக் கொடுப்பதற்கு முன்

ஆக்டிவேஷன் பக்கத்தையும் ஷோகீபிளஸ் காட்டும் பதிப்பின் பெயரையும் பில்லையும் போனில் படம் எடுத்து, உங்கள் மெயிலுக்கே அனுப்பி வையுங்கள். கடையில் கொடுக்கும்போது ஜாப் ஷீட்டில் பதிப்பின் பெயரை எழுதச் சொல்லுங்கள். அக்காவின் லேப்டாப்பில் அடிப்பக்க ஸ்டிக்கருக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டிக் கொடுத்தேன். அவர் மகளே தன் கையெழுத்தில் எழுதினாள்: “ஹோம் சிங்கிள் லாங்வேஜ். கீ மதர்போர்டிலேயே இருக்கிறது. புரோ போட வேண்டாம், அண்ணா.”